239-ஆம் நம்பர் கிண்ணம்

எங்கே வேண்டுமானாலும் ஓடுங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுங்கள், மழைக்கு ஓடுங்கள், நாய் துரத்தினால் கண்டிப்பாக ஓடுங்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் மட்டும் ஓடாதீர்கள். நான் ஓடியிருக்கிறேன், அதுவும் அறுபத்து மூன்று வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு!

பழைய கார்களைச் சீர்செய்கிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எஞ்சினை எப்படிப் பிரிப்பது, துருவை எப்படி எடுப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே வீடியோவாகக் கிடக்கிறது, என்னைவிட நன்றாகவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வருஷக்கணக்கில் தேடிய ஒரு பாகம் திடீரென்று கண்ணெதிரே வந்து நின்றால் நம் ஆட்களுக்குப் பிடிக்குமே ஒரு பைத்தியம், அதைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பைத்தியம் பிடிக்காதவன் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டான். பிடித்த பிறகு என்ன செய்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் கடைசியாகச் செய்த வண்டி நூறு வயது தாண்டியது. விருதுநகரில் வத்தலும் பருத்தியும் வியாபாரம் செய்த ஒரு குடும்பம், அந்தக் காலத்தில் கப்பலில் வரவழைத்தது. இப்போதைய முதலாளி அந்த வீட்டுப் பேரன். சாத்தூர் பக்கம் பட்டாசுக் கம்பெனியும் சிவகாசியில் அச்சகமும் நடத்துகிறார். வண்டி நாற்பது வருஷமாகச் சரக்குக் கிட்டங்கியில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதைப் பார்த்த முதல் நாள் நான் சாக்கை விலக்கிவிட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முகப்பில் பூசணிக்காய் பருமனில் இரண்டு பித்தளை விளக்குகள்! ரேடியேட்டர் பித்தளை, ஹாரன் பித்தளை, கதவுப் பிடி பித்தளை. பேட்டரி கிடையாது. பல்பு கிடையாது. விளக்கு எரிவதே கார்பைடு கல்லில்தான். அதை வைத்து மாம்பழம் பழுக்க வைக்கக் கூடாது என்று அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போகிறார்களே, அதே கல்.

அதற்கு வண்டியின் கால்படியில் ஒரு பித்தளை டப்பா இருக்கும். மேல் பாதியில் தண்ணீர். கீழ்ப் பாதி ஒரு கிண்ணம், அதில் கல். மேலே இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் கல் கேஸ் விடும், கேஸ் குழாய் வழியாக விளக்குக்குப் போகும். எங்கள் வண்டியில் மேல் பாதி இருந்தது. அதன் வெளிப்புறத்தில் 239 என்று குத்தியிருந்தது. கிண்ணத்திலும் அதே நம்பர்தான் இருக்க வேண்டும். கிண்ணத்தைக் காணவில்லை.

கிண்ணம் கிடைத்துவிட்டால் வண்டியில் ஓர் ஆணிகூட வெளி ஆணி கிடையாது. மதுரையில் நடக்க இருந்த பழைய கார் கண்காட்சியில், எல்லாப் பாகமும் பிறவிப் பாகமாக இருக்கிற வண்டிகளுக்கென்றே தனி வரிசை உண்டு. முப்பத்தைந்து வருஷத் தொழிலில் என் கையால் செய்த எந்த வண்டியும் அந்த வரிசையில் நின்றதில்லை. இந்த ஒன்று நின்றுவிட்டால் கடையைச் சாத்திவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்று இருந்தேன். முதலாளிக்கு என்னைவிட ஆசை. ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

ஒன்றரை வருஷம் தேடினேன். மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். காரைக்குடியில் ஒருவர் குத்துவிளக்கின் அடிப்பாகத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்து, "இதுதான் சார், சத்தியமா" என்றார். சென்னையில் ஒரு கிண்ணம் கிடைத்தது. பொருத்தினால் பொருந்தவும் செய்தது. அடியில் வேறு நம்பர். இங்கிலாந்தில் ஒரு பெரியவருக்குப் போனில் படம் அனுப்பினேன், அவர் பதிலுக்குக் கிண்ணத்தின் பழைய வரைபடத்தை அனுப்பினார். விளிம்புக்குக் கீழே மூன்று சிறிய பித்தளைக் காதுகள். இரண்டு கிட்டக்கிட்ட, ஒன்று தள்ளி. அந்தக் காதுகள் மேல் பாதிக்குள் நுழைந்து கால் சுற்றுச் சுற்றினால் பூட்டிக்கொள்ளும். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சாப்பாட்டுத் தட்டில்கூட மூன்று காது தெரிந்தது.

தீபாவளி சீசன் நேரம். முதலாளியைப் பிடிக்க வேண்டுமென்றால் சாத்தூர்க் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். பட்டாசுக் கம்பெனி வாசல் உங்களுக்குத் தெரியாதென்றால் சொல்கிறேன். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாவிக்கொத்து, பேனாக்கத்தி, பெல்ட்டு, இரும்பு என்று எது இருந்தாலும் அங்கேயே. செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பத்தில் அடித்திருக்கிற செம்புத் தகட்டை ஒரு தடவை உள்ளங்கையால் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று. எல்லாம் செய்துவிட்டு நல்ல பிள்ளையாக ஆபீஸ் வராந்தாவில் நின்று முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தேன். கிண்ணம் கிடைக்கவில்லை, ஆசையை விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன்.

அப்போது எதிரே ஒரு பெண் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தார். நீலக் கோட்டு, தலையில் துணி, ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பித்தளைக் கிண்ணம். அதைக் கழுவிக் கவிழ்த்தார். விளிம்புக்குக் கீழே நூல் கட்டியிருந்த இடத்தில் ஒரு காது. பக்கத்தில் இன்னொரு காது. தள்ளி ஒன்று.

ஓடினேன். வேறொன்றும் எனக்கு நினைவில்லை. "இந்தா இருக்கு! இந்தா இருக்கு!" என்று கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

நான் பத்து எட்டு வைத்திருக்க மாட்டேன். "ஏ, ஓடுங்கடி!" என்று எங்கோ ஒரு குரல். சுற்றிலும் இருந்த சின்னச் சின்ன அறைகளின் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் படார் படாரென்று திறந்தன. பெண்களும் ஆண்களும் நாலா பக்கமும் பறந்தார்கள். அவர்கள் ஓடுகிறதைப் பார்த்ததும் நிஜமாகவே எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. கிண்ணமாவது மண்ணாங்கட்டியாவது என்று நானும் அவர்களோடு சேர்ந்து வேலிக்கு ஓடினேன்!

வேலி ஓரத்தில் கருவேல முள்ளுக்குள் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம். கடைசியாக வந்தவர் அந்த நீலக் கோட்டுப் பெண். ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்து, ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வந்திருக்கிறார். வந்ததும் விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"தீ எங்கன?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை.

"மொதல்ல ஓடுனது யாரு?"

ஐம்பது கைகள் என்னைக் காட்டின.

"நீங்களா அண்ணாச்சி? எதுக்கு ஓடுனீக?"

"தாயி... உங்க கையில இருந்த கிண்ணத்தப் பாத்து..."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வயதான அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஒரு பெண்ணின் சேலை முள்ளில் கிழிந்து தொங்கியது. நீலக் கோட்டுப் பெண்மணி என்னைப் பார்த்துச் சொன்னார்: "இங்கன ஒருத்தரு ஓடுனா அம்புட்டுப் பேரும் ஓடணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. அப்பிடித்தான் எங்களுக்குப் பழக்கம். கேட்டுக்கிட்டு நின்னவுக யாரும் இன்னைக்கு இல்ல. நீங்க ஒரு கிண்ணத்துக்காக ஓடியிருக்கீக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதுபோல நான் வெட்கப்பட்டதில்லை. முதலாளி அந்த வயதான அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, வேனில் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். ஒருவருக்கும் அடி படவில்லை, அது என் நல்ல நேரம்.

அந்த நீலக் கோட்டுப் பெண்ணின் பெயர் முத்துமாரி. பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து நிரப்புகிற அறைகளுக்கு அவர்தான் போர்மேன். அரை மணி கழித்து எல்லாம் அடங்கிய பிறகு, என்னை மறுபடி செம்புத் தகட்டைத் தொடச் சொல்லி, கை கழுவச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். திருப்பினேன். அடியில் 239.

குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்கலாமா என்று முத்துமாரியைப் பார்த்தேன். கூடாது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. நின்ற இடத்திலேயே கால் விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டேன்.

இது எப்படி அங்கே போயிற்று? ஒன்றரை வருஷம் நாடெல்லாம் தேடிய என் தலையில் குட்ட வேண்டும். மற்ற ஊர்களில் பழைய பித்தளை உடைசலுக்குப் போகும், உருக்கப் போகும். எங்கள் பக்கம் பித்தளை பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போகும். இரும்பு உரசினால் பொறி வரும் என்பதால், அங்கே மருந்து தொடுகிற சாமான் எல்லாம் பித்தளை அல்லது மரம். முதலாளியின் அப்பா கம்பெனி ஆரம்பித்தபோது கிட்டங்கியில் கிடந்த பித்தளை எல்லாவற்றையும் ஒரு வண்டியில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். தங்கைகளே, தம்பிகளே, ஒரு பாகத்தைத் தேடும்போது கார்க்காரன் மாதிரி மட்டும் யோசிக்காதீர்கள். அந்த ஊர்க்காரனுக்கு அது எதற்கு ஆகும் என்று யோசியுங்கள்.

முதலாளிக்கு என்னைவிட உற்சாகம். "குடுத்துரும்மா, உனக்கு வேற ஏனம் வாங்கித் தாரேன்" என்றார் சட்டென்று.

முத்துமாரி கொடுக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேற ஏனம் வாங்கலாம் மொதலாளி. இந்த அளவ வாங்க முடியுமா? தலை தட்டி ஒரு கிண்ணம், ஒரு ஆளுக்கு. அது தீந்தாத்தான் மறு கிண்ணம். இருவது வருசமா எங் கை இதுலதான் அளக்குது, எனக்கு முன்னால இருந்தவுக கையும் இதுலதான் அளந்துச்சு. நாளைக்கு ஒரு ஏனம் ரெண்டு விரக்கடை பெருசா வந்துச்சுன்னு வைங்க, ஒவ்வொரு பிள்ளை முன்னாலயும் அம்புட்டு மருந்து கூடக் கெடக்கும். பெறகு யாரக் கேட்டு என்ன செய்ய?"

நான் சொன்னேன், இதே அளவில் இம்மி பிசகாமல் ஒரு புதுக் கிண்ணம் நான் செய்து தருகிறேன், அதை நீங்கள் சோதித்துப் பார்த்துத் திருப்தியானால் பழையதைக் கொடுங்கள் என்று. முத்துமாரி யோசித்து ஒப்புக்கொண்டார். அளவெடுக்க என் பட்டறைக்குக் கொண்டுவரவும் சம்மதித்தார், கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும். அதுவும் அவரேதான் கொண்டு வருவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை! அதை எப்படிச் சொல்வேன்? முத்துமாரி கட்டைப் பைக்குள் துண்டு சுற்றி, குழந்தையைக் கொண்டு வருகிற மாதிரி கிண்ணத்தைக் கொண்டுவந்தார். முதலாளி தன் அச்சகத்துப் போட்டோகிராபரைக் கூட்டி வந்துவிட்டார். அளவெடுத்து முடிந்ததும் வண்டிக்குக் கீழே மண்டி போட்டேன். காதுகளைப் பொருத்தி, கால் சுற்றுச் சுற்றினேன். டக்!

தலைமுறை தாண்டிப் பிரிந்திருந்த இரண்டு பாதியும் சேர்ந்த சத்தம். முதலாளி கைதட்டினார். நான் முதலாளியைக் கட்டிப் பிடித்தேன். முத்துமாரி குனிந்து பார்த்து, "ஓ, இதுக்குத்தானா இந்தக் காது? நாங்க நூலு கட்டத்தான் வச்சிருக்காகன்னு நெனச்சோம்" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கல்லைப் போட்டு ஒரே ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாமே என்று எனக்குக் கை பரபரத்தது. முத்துமாரி விடவில்லை. "ஒருக்கா அந்தக் கல்லு இதுல விழுந்துச்சுன்னா பெறகு இது எம் ரூமுக்கு ஆகாது அண்ணாச்சி. புதுக் கிண்ணம் எங் கைக்கு வரட்டும், பெறகு நீங்க என்னத்த வேணும்னாலும் போடுங்க." போட்டோ மட்டும் எடுத்தோம். அன்று சாயங்காலமே கிண்ணம் மறுபடி துண்டுக்குள் போய்விட்டது.

முதலாளி சும்மா இருப்பாரா? அந்தப் போட்டோவை அடுத்த வருஷக் காலண்டரில் போட்டுவிட்டார். கீழே கொட்டை எழுத்தில் 'அத்தனையும் ஒரிஜினல்' என்று அச்சடித்து, கட்டுக்கட்டாக அடுக்கியும் வைத்துவிட்டார். சிவகாசிக்காரர் அவசரம் அது.

நான் கிண்ணம் செய்ய உட்கார்ந்தேன். ஒன்பது நாள். பித்தளைத் தகட்டைத் தட்டித் தட்டி, வளைத்து, ஒட்டி, தண்ணீர் ஊற்றி அளந்து, மறுபடி தட்டி. முதல் இரண்டையும் நானே நசுக்கிப் போட்டேன். மூன்றாவது வந்தது பாருங்கள், அதே மூன்று காதோடு, பழையதையும் அதையும் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாயே குழம்பிப் போவாள். கண்காட்சிக்கு இன்னும் மூன்று நாள். வியாழக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு சாத்தூருக்குப் போனேன். வாசலில் தகட்டைத் தொட்டேன். மெதுவாக நடந்தேன்.

தொட்டிப் பக்கம் முத்துமாரி பழைய கிண்ணத்தில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, புதியதில் ஊற்றினார். ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு சொட்டுக் குறையவில்லை. டீ நேரம் என்பதால் நிரப்புகிற பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, கெட்டிக்காரருதான்!" என்று ஒரு பெண் சொல்ல, நான் உண்மையிலேயே இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றேன்.

முத்துமாரி கிண்ணத்தைத் துடைத்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். மருந்துச் சாமான் வந்து இறங்குகிற சாக்குகளில் ஆணியோ கம்பித் துண்டோ இருக்கிறதா என்று பார்க்க, நூலில் கட்டி எப்போதும் வைத்திருப்பாராம். அதைக் கிண்ணத்தின் அடியில் தொட்டார். ஒட்டவில்லை. பக்கவாட்டில் தொட்டார். ஒட்டவில்லை. விளிம்பில் தொட்டார்.

டக்.

ஞாயிற்றுக்கிழமை நான் கேட்ட அதே சத்தம். காந்தம் விளிம்பில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. தகட்டின் விளிம்பு வளையாமல் இருக்க, உள்ளே ஒரு கம்பியை வைத்து அதன் மேல் தகட்டை மடித்துச் சுருட்டுவோம். மட்கார்டுக்கு அப்படித்தான் செய்வோம். முப்பத்தைந்து வருஷமாக என் கை அதைச் செய்கிறது. மட்கார்டுக்கு வைப்பது இரும்புக் கம்பி. கிண்ணம் நன்றாக வந்துவிட்ட சந்தோஷத்தில், மேஜையில் கிடந்த கம்பிச் சுருளை எடுத்து, வெட்டி, உள்ளே வைத்து மடித்துவிட்டேன். வாசலில் பேனாக்கத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்பைப் பித்தளைக்குள் ஒளித்து நானே உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். விளிம்பு தேயத் தேய ஒரு நாள் அந்தக் கம்பி வெளியே வந்திருக்கும். தலை தட்டும்போது மருந்தோடு உரசுவதும் அந்த விளிம்புதான்.

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அன்னைக்கு ஓடுனதுக்குத் திட்டுனேன் அண்ணாச்சி" என்றார் முத்துமாரி. "இதுக்குத் திட்ட எனக்கு வாய் வரல."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தலையைத் தொங்கப் போட்டு நின்றேன். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பழைய கிண்ணத்தைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"வேணும்னு செஞ்சிருக்க மாட்டீக. ஞாயித்துக்கெழம வண்டி நிக்கணும்னு சொன்னீக. சொன்ன வாக்க நான் மாத்த மாட்டேன், கொண்டு போங்க. கம்பிய மாத்தி வேற ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. அதுவரைக்கும் எம் ரூமப் பூட்டிக்கிடுறேன்."

அவருக்குப் பின்னால் நின்ற பெண்களின் முகம் விழுந்தது. சீசன் நேரத்தில் அறையைப் பூட்டினால் பதினாறு பேர் வீட்டில் உட்கார வேண்டும்.

239 என் உள்ளங்கையில் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் காத்திருந்த வரிசை மூன்று நாள் தூரத்தில் இருக்கிறது. நன்றி சொன்னேன். வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. வாசல் இருநூறு அடி. ஓட முடிந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கிண்ணத்தோடு ஓடியே போயிருப்பேன். அங்கே ஓடக் கூடாது. நடக்க வேண்டியிருந்தது. நடந்தால் யோசனை வந்து தொலைக்கிறது. இரண்டு நாளில் அவசர அவசரமாக இன்னொன்று செய்வேன். சந்தோஷத்தில் செய்த கை இரும்பை வைத்தது. அவசரத்தில் செய்கிற கை எதை வைக்கும்? காந்தத்துக்கு அகப்படாத தப்பு எத்தனை இருக்கிறது? நான் செய்த கிண்ணத்தில் குறை இருந்தால் காரில் ஒரு விளக்கு மங்கலாக எரியும், அவ்வளவுதான். அதே குறை இங்கே வந்தால் வேலி வரை ஓட நேரம் கிடைக்காது. நாம் எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அது முன்பு எந்த வண்டியில் இருந்தது என்றுதான் கேட்கிறோம். இப்போது அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று நான் அதுவரை கேட்டதே கிடையாது.

செம்புத் தகடு வரை போய்விட்டேன். திரும்பி நடந்தேன்.

"இது இங்கனயே இருக்கட்டும் தாயி" என்று கிண்ணத்தை முத்துமாரியிடம் நீட்டினேன். "அந்தக் கம்பி வச்சதக் குடுங்க. அது காருக்குப் போதும்."

"கேலி பண்றீகளா? இதுக்காகத்தான அன்னைக்கு அந்த ஓட்டம் ஓடுனீக?"

"ஓடுனது நான்தான். இன்னைக்கு நடந்து வந்துட்டேன்."

அவர் இரும்புக் கம்பிக் கிண்ணத்தை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கி என்னிடம் கொடுத்தார். "மொதல்ல இத வாசலுக்கு வெளிய கொண்டு போங்க" என்றார். பெண்கள் எல்லோரும் அப்போதுதான் சிரித்தார்கள்.

முதலாளியிடம் சொல்ல வேண்டுமே! சிவகாசிக்குப் போனேன். காலண்டர்க் கட்டுகளுக்கு நடுவே நின்று லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி வெளையாடுறீகளா? அத்தனையும் ஒரிஜினல்னு அடிச்சு வச்சிருக்கேன். பாதி லோடு போயிருச்சு. அந்தக் கிண்ணம் எங்க தாத்தா வாங்குனது, என் சாமான். அத எங்கன வைக்கணும்னு நீங்க முடிவு பண்ணுவீகளா?"

நியாயமான கேள்வி. நான் செய்த கிண்ணத்தை மேஜையில் வைத்து, காலண்டர் தொங்கவிடுகிற தகரப் பட்டைகளைப் பொறுக்க வைத்திருந்த காந்தத்தை எடுத்து விளிம்பில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

அவர் அதையே பார்த்தார். அச்சகத்தில் நின்றாலும் ஆள் பட்டாசுக்காரர்.

"இது எம் ரூமுக்குள்ள போச்சா?"

"தொட்டி வரைக்கும் போச்சு. அந்தம்மா பிடிச்சிட்டாக."

நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். "அங்கனயே இருக்கட்டும்" என்றார். கண்காட்சிக்காரர்களுக்குக் கொடுத்திருந்த படிவத்தின் நகலை எடுத்து, பிறவிப் பாகங்கள் வரிசை என்று இருந்ததைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, சீர்செய்த வண்டிகள் வரிசை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். காலண்டரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விருதுநகரிலிருந்து மதுரைக்கு அந்த வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். நாலுவழிச் சாலையில் லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடிக்கிறார்கள், பைக்கில் வருகிற பையன்கள் இரண்டு பக்கமும் போனை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள், நான் ராஜா மாதிரி கையாட்டுகிறேன். திருமங்கலத்தில் ஒரு டீக்கடையே எழுந்து நின்றது!

மைதானத்தில் முதலாளி எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். சும்மா வரவில்லை. கம்பெனி வேன் ஒன்றும் கூட வந்திருந்தது. உள்ளேயிருந்து முத்துமாரியும் நிரப்புகிற பெண்களும் நல்ல சேலை கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அன்று பயந்து அழுத அந்த வயதான அம்மாவும் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஓட மாட்டீகள்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் வந்தார்.

சாயங்காலம் நடுவர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், கழுத்தில் பூதக்கண்ணாடி. ஒவ்வோர் இடமாகப் பார்த்து வந்தவர் கால்படியில் குனிந்தார். மேல் பாதியில் நம்பரைப் பார்த்தார். கிண்ணத்தைத் தடவினார்.

"ஏனுங்க, எல்லாமே பிறவிப் பாகமா இருக்குதுங்க. இந்தக் கிண்ணம் மட்டும் புதுசுங்களே. ஒரிஜினல் தொலைஞ்சு போச்சுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"தொலையலைங்க. வேலைக்குப் போயிருக்கு."

நடுவர் சிரித்தார். கேலி என்று நினைத்துவிட்டார்.

"நெசந்தான்யா" என்றார் முத்துமாரி. "இன்னைக்கு லீவு. நாளைக்கு எட்டு மணிக்கு எங் கையில இருக்கும்."

நடுவருக்கு முழுக் கதையையும் சொன்னோம். அவர் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு முத்துமாரிக்கு வணக்கம் சொன்னார். எங்களுக்கு அந்த வரிசையில் இரண்டாம் பரிசு.

இருட்டத் தொடங்கியதும் கிண்ணத்தில் கல்லைப் போட்டேன். தண்ணீரைத் திறந்தேன். புஸ்ஸென்று கேஸ் குழாயில் ஏறுகிற சத்தம் கேட்டது. விளக்குக் கண்ணாடிகளைத் திறந்து, தீப்பெட்டியை முத்துமாரியிடம் நீட்டினேன்.

"நானா? இருவது வருசமா தீக்குச்சியப் பாத்தாலே பத்தடி தள்ளி நிக்கிறவ நான்."

"நீங்கதான்."

உரசினார். முதல் விளக்கு பளீரென்று பிடித்தது. இரண்டாவது பிடித்தது. அப்பப்பா, அந்த வெள்ளை வெளிச்சம்! மைதானத்தின் அந்தக் கோடி வரை போய் விழுந்தது. வேன் பெண்கள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினேன். ஓடினேன். அந்த வெளிச்சத்துக்குள்ளேயே, மைதானத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று!

"ஓடுங்க அண்ணாச்சி!" என்று முத்துமாரி பின்னாலிருந்து கத்தினார். "இங்கன ஓடலாம்!"

திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் வண்டிப் பக்கத்தில் அப்படியே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட ஓடவில்லை.